தொங்குரயிலில் எல்லோரும் ஆடுகிறார்கள்

முதலில் கையெழுத்துத்தான் போனது.
சம்பளத் தாளில் மரிஸ்டெல்லாவின் கடைசி ‘லா’
கோட்டை விட்டிறங்கி ஓடியது.
பிறகு படிகள்.
வுப்பர்டாலில் படியில்லாத தெரு எங்கே?
எங்கள் வீட்டுக்கு எண்பத்தாறு.
ஏறப் பயமில்லை.
இறங்கும்போதுதான்,
நான் கால் வைக்கும் இடத்தில்
படி இருப்பதில்லை.

முதியோர் இல்லத்தில் தட்டு ஏந்தும் வேலை.
சூப் ததும்பியது, ஒருநாள், மறுநாள், மறுநாளும்.
ஃபிராவ் ஹெலெர்ஸ் கதவைச் சாத்திவிட்டு
நாகரிகமாகத்தான் கேட்டாள்:
இரவில் குடிப்பீர்களா?

எங்கட ஆட்கள் கேட்கவில்லை.
ஒரு கலியாண வீட்டில்
ராசநாயகத்தின் மனுசி
கட்டிப்பிடிக்கும் சாட்டில்
என் மூச்சை மோந்து பார்த்தாள்.

கோட்டில் நடவுங்கோ என்றார் டொக்டர்.
விரலுக்கு முன் குதி, குதிக்கு முன் குதி.
மதில்மேல் ஓடித் திரிந்தவள் நான்.
மூன்றாம் அடியில் சுவர் வந்து தாங்கியது.
மூக்கைத் தொடச் சொன்னார்,
கன்னத்தைத் தொட்டேன்.
இரத்தம், படம், முள்ளந்தண்டில் ஊசி,
ஒரு வருசம், மூன்று ஆஸ்பத்திரி.
கடைசியில் ஒரு சொல்:
கோதுமை.

சிரித்துவிட்டேன்.
வயிறு ஒருநாளும் நொந்ததில்லையே, டொக்டர்.
எல்லோருக்கும் வயிற்றில் வராது என்றார்.
கோதுமையைப் பிடிக்கப் புறப்பட்ட படை
சிறுமூளையையும் அதன் ஆள் என்று பிடிக்கிறதாம்.

அது எனக்கு விளங்கியது.
பதினாறு வயதில்
பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாய் இருத்தினார்கள்.
ஜீப்புக்குள் சாக்கால் முகம் மூடிய ஒருவன்.
என் தமையனைப் பார்த்துத் தலையாட்டினான்,
யாரையோ நினைத்து.
இப்போது என் தலைக்குள் ஒரு தலையாட்டி.
சில காலைகளில், கண்ணாடியில்,
என் தலையும் ஆடுகிறது.

போனது திரும்பாது,
மிச்சத்தைக் காக்கலாம் என்றார்.

பாணை விட்டேன்.
வெள்ளைமாப் புட்டை விட்டேன்.
ரோல்ஸ், பற்றிஸ், சோயா சோஸ்,
பிறந்தநாள் வீடுகளில் கேக்கோடு வரும் கைகளை
‘வேண்டாம், சீனி’ என்று பொய் சொல்லித் திருப்பினேன்.
எட்டு மாதம். கால் சொல் கேட்கவில்லை.

ஒரு மழைச் சனிக்கிழமை மகள் ஷரோமி
அலுமாரியைக் கவிழ்த்துக் கொட்டி
ஒவ்வொரு டப்பாவாக வாசித்தாள்,
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு.
பெருங்காயம்.
அடியில், எறும்பெழுத்தில், கோதுமை மா.
ஒவ்வொரு ரசத்திலும் ஒரு சிட்டிகை,
செமிபாட்டுக்கு நல்லதென்று.
எட்டு மாதமும் சிட்டிகை சிட்டிகையாய்
நானே அவனுக்கு ஆள் காட்டியிருக்கிறேன்.

இன்னொன்றும் இருந்தது.
அதற்கு டப்பா இல்லை.
ஞாயிறுதோறும் நாக்கில் கரையும்
அந்த வெள்ளை வட்டம்.
சுவாமி ஒரு கிழமை யோசித்தார்.
‘அது கோதுமையிலதான் இருக்கவேணும், பிள்ளை,
சட்டம் அப்பிடி.
நீர் இரசத்தை மட்டும் வாங்கும்,
தனிக் கிண்ணத்தில.’

ஆகவே இப்போதெல்லாம் பூசை முடிந்து
ராசநாயகத்தின் மனுசி கட்டிப்பிடித்தால்
மெய்யாகவே வைன் மணக்கும்.
மணக்கட்டும்.

தொங்குரயிலில் வீட்டுக்குப் போகிறேன்.
கீழே ஆறு, தேத்தண்ணி நிறத்தில்.
வளைவில் பெட்டி சாய்கிறது.
கம்பளிக் கோட்டுக் கனவான்,
நாயோடு ஒரு பெடியன்,
பிள்ளை வண்டிலோடு தாய்,
எல்லோரும் கால் அகட்டி, கம்பி தேடி,
வெட்கமில்லாமல் ஆடுகிறார்கள்.
யாரையும் யாரும் மோந்து பார்ப்பதில்லை.

போன செவ்வாய் கோட்டில் ஆறடி நடந்தேன்.
ஏழாவதில் சுவர்.
டொக்டர் ‘ஆறு’ என்று எழுதினார்.
‘லா’ மட்டும் இன்னும் இறங்கித்தான் ஓடுகிறது.
பாங்கில் பழைய அட்டையை எடுத்து வைத்து
ஒத்துப் பார்த்தாள் ஒருத்தி.
புது அட்டை தாருங்கோ என்றேன்.
இதுதான் என் கையெழுத்து.